பழைய டீசல் பிக்கப்பில் ஆயில் ஒழுகினால்: சீல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள், களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு கொண்டுவருகிறவர்கள் என்று நம் நெல்லைப் பக்கம் பாதிப் பிழைப்பு பழைய பொலேரோ பிக்கப்பிலும் டாடா 207இலும் டாடா ஏஸிலும்தான் ஓடுகிறது. பட்டறைக்குள் வண்டி நுழைந்ததும் டிரைவர் சொல்வதும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஆயில் அடிக்குது. சீல் போயிட்டுன்னு நெனைக்கேன்."

சீல், அதாவது சுற்றும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம், போயிருக்கலாம். ஆனால் அது முதல் சந்தேகமாக இருக்கக்கூடாது, கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும். டீக்காசில் முடிகிற வாஷருக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய வண்டிகளும், அடைத்த பிரீதரை (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி)க் கவனிக்காமல் சீல் மேல் சீலாக மாற்றிய வண்டிகளும் நிறைய வருகின்றன. அதனால் அறிகுறியைப் பார்த்து, செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்கும்படி இதை எழுதியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை: கழுவி, அட்டை போட்டுப் பார்ப்பது

பழைய இன்ஜினில் ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்குப் பிசுக்கு ஏறியிருக்கும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மண்ணில் ஓடுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிசுக்குக்குள் ஒழுகலைத் தேட முடியாது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஒயர் கப்ளர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். டீசலும் பிரஷும் கொண்டு தேய்த்து ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பெட்ரோல் தொடவே வேண்டாம். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் மேல் பிரஷர் கன்னைப் பிடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

பிறகு ஒரு 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச்சை வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். ஆயில் மேலிருந்து கீழேதான் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக மேலே, மிக முன்னால் இருக்கிறதோ அதுதான் தொடங்கிய இடம். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே தேடினால் பத்துக்கு எட்டுத் தடவை தவறான பாகத்தைத்தான் கழற்றுவோம். அப்படியும் பிடிபடவில்லை என்றால், துடைத்து உலர்ந்த இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, சில நிமிடம் இன்ஜினை நின்ற இடத்தில் ஓட விடுங்கள். ஆயில் வரும் வழி வெள்ளையில் கருப்புக் கோடாகத் தெரியும். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் கையையோ துண்டையோ கொண்டுபோகாதீர்கள்.

இரவில் வண்டிக்கு அடியில் பழைய தினசரி காலண்டர் அட்டைகளை வரிசையாகப் போட்டு, முன் சக்கரம் நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். காலையில் எந்த அட்டையில் எத்தனை சொட்டு, என்ன நிறம் என்று பார்த்தால் பாதி விவரம் கிடைத்துவிடும்.

அது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் இந்த நேரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கரி போலக் கருப்பாக இருக்கும். கியர் ஆயில் தேன் நிறத்தில், கையில் ஒட்டும் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. டீசல் தண்ணீர் போல நீர்த்திருக்கும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜெக்டர் மேலே ஓடும் ரிட்டர்ன் டியூப் வெடித்து டீசல் கசிந்து, பழைய பிசுக்கைக் கரைத்துக்கொண்டு கருப்பாக இறங்குவதை ஆயில் ஒழுகல் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். ஒரு சாண் ரப்பர் டியூபில் முடிகிற வேலை அது.

ஆயில் அளவைச் சமதளத்தில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் அதுவே கசிவுக்குக் காரணமாகலாம். "கொஞ்சம் கூடவே கெடக்கட்டும்" என்று ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதிகமானதை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்கிறவர்களுக்கு ஒன்று. ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், பாரம் தாங்காமல் நொறுங்கும். ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, பின் சக்கரத்துக்கு அண்டை போட்டுவிட்டுப் படுங்கள்.

## அறிகுறி: நிறுத்திய இடத்தில் மட்டும் சொட்டு, ஓட்டத்தில் அளவு அவ்வளவாகக் குறையவில்லை

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைச் சுற்றிய வேலை இது. அவசரம் இல்லை. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால்தான் 1 மில்லி. இரவுக்கு நாலைந்து சொட்டு என்றால் அடுத்த ஆயில் மாற்றும் வரை தாராளமாக ஓடலாம்.

முதலில், ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் நட். அதன் நுனியில் சொட்டு தொங்கினால் காப்பர் வாஷரை மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக உட்காராது. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் புதுசு போடுவதுதான் முறை. ஒழுகுகிறது என்பதற்காக நீளக் கம்பியைக் கொடுத்து இறுக்கினால் சம்ப்பின் மரை போய்விடும். மரை போயிருந்தால் லேத்தில் கொடுத்துப் பெரிய சைஸ் மரை வெட்டலாம், அல்லது புஷ் போடலாம். டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டுவது வேண்டாம்.

அடுத்து சம்ப் பேக்கிங், அதாவது சம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசியாமல் வைக்கும் பட்டை. எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுத் தொட்டுப் பாருங்கள். லூசாக இருந்தால் சீராக இறுக்கினாலே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் சம்ப்பை இறக்கி, பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி, போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகடு மேடாகியிருந்தால் தட்டிச் சமமாக்கிப் புதுப் பேக்கிங் போட வேண்டும். இறக்கும்போதே அடிப்பக்கம் கல் அடித்து நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை மாதிரிக் கரடான வழியில் ஓடிய வண்டிகளில் மயிரிழை வெடிப்பு வந்து அதில் ஆயில் வேர்த்து நிற்கும். அதைப் பேக்கிங் ஒழுகல் என்று எண்ணிவிடுவோம்.

சிலிகான் பேஸ்ட்டைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெல்லிய ஒரு கோடு போதும். கெட்டியாகப் பூசினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங் கடித்து இன்ஜின் இறுகி நின்றுவிடும். சொட்டு ஒழுகலை நிறுத்தப் போய் இன்ஜினையே கொடுத்த கதை அது.

## அறிகுறி: இன்ஜின் மேல்பகுதி ஈரம், சைலன்சர் பக்கம் புகை, கேபினில் எரிந்த ஆயில் வாடை

டேப்பெட் கவர், அதாவது இன்ஜின் தலையை மூடியிருக்கும் மேல் மூடி. பழைய வண்டியில் மிகச் சாதாரணமான ஒழுகல் இதுதான். சரிசெய்யவும் எளிது.

ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பரை முதலில் பாருங்கள். காய்ந்து கல்லாகியிருந்தால் மூடியைச் சுற்றி ஆயில் தெறித்திருக்கும். அது சரியாக இருந்தால் கவர் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்கள். பேக்கிங் நன்றாக இருந்தும் இந்த வாஷர் வழியாகக் கசியும். அதற்கும் அப்புறம்தான் பேக்கிங். சூட்டில் வெந்து உடைகிற கார்க்காக இருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புதியது போடும்போது இரண்டு பரப்பையும் துடைத்து உலர்த்தி, நடு போல்ட்டிலிருந்து வெளியே வெளியே என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்தப் போல்ட்டுக்குக் கைப்பலம் அதிகம் தேவையில்லை. முழுப் பலத்தையும் கொடுத்தால் கார்க் பிளந்து அன்றைக்கே ஒழுகும்.

ஏஸ் வைத்திருக்கிறவர்களுக்கு: இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் வாடை நேராக முகத்துக்கு வரும். அதனால் ஒழுகல் பெரிது என்று பயந்துவிடுவார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் சூடான சைலன்சர் மேல் நேராகச் சொட்டினால் அதை நாளை என்று தள்ளிப்போடக்கூடாது. தீப்பிடிக்கும்.

கவரின் பின்பக்கம் ஒழுகினால் ஆயில் பிளாக்கின் பின்புறமாக இறங்கிப் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) மேல் வழியும். அதை இன்ஜினின் சுற்றும் தண்டான கிராங்க்கின் பின் சீல் என்று முடிவுகட்டிக் கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள், அல்லது செல்போனை உள்ளே விட்டு வீடியோ எடுங்கள்.

## அறிகுறி: ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது, அளவு வேகமாக இறங்குகிறது

நிறுத்தினால் நிற்கிறது, ஓடினால் பீய்ச்சுகிறது என்றால் பிரஷர் இருக்கும் பக்கத்தில் எங்கோ பிரிந்திருக்கிறது. இது காத்திருக்கும் ஒழுகல் இல்லை.

அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவார்கள். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, திடீரென்று பிய்த்துக்கொண்டு முழு ஆயிலும் போய்விடும். கழற்றித் துடைத்து, புது ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று திருகினால் போதும்.

அடுத்து ஆயில் பிரஷர் ஸ்விட்ச். அதன் ஒயரைப் பிடுங்கினால் கப்ளருக்குள் ஆயில் நிற்கும். உள்ளே இருக்கும் தகடு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்விட்சை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை, விலையும் குறைவு.

மூன்றாவது, வாக்குவம் பம்ப். பலரும் மறந்துபோகிற இடம் இது. பொலேரோ பிக்கப், 207 போன்ற பழைய டீசல்களில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சும் பம்ப்) ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதற்கு இன்ஜினிலிருந்து மெல்லிய குழாயில் ஆயில் வரும், தடித்த ஹோஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் போகும். தடித்த ஹோஸ் சூட்டில் ஊறி உப்பி, கிளிப் பிடிக்காமல் நழுவும். மெல்லிய குழாயின் போல்ட்டில் இருக்கும் காப்பர் வாஷர்களில் வேர்க்கும். இரண்டுமே சின்னச் செலவு. ஆனால் மெல்லிய குழாய் முறிந்தால் பிரஷரோடு ஆயில் முழுவதும் ரோட்டில் போய்விடும். பம்ப் கெட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் சீல் போனால் ஆயில் உள்ளே இறங்கி கார்பன் பிரஷை ஊறவைத்து பேட்டரி லைட்டை எரியவிடும். ஆயிலும் குறைகிறது, சார்ஜும் ஏறவில்லை, பிரேக்கும் இறுகுகிறது என்று மூன்று குறை ஒன்றாக வந்தால் மூன்று பட்டறைக்கு அலைய வேண்டாம், ஆல்டர்னேட்டரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் உலர்ந்திருந்தால் ஆயில் கூலர் பேக்கிங், டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஆயில் போகும் குழாய். சூட்டுப் பாகங்கள் நடுவே வேலை என்பதால் இந்த இரண்டையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: முன்பக்கம் முழுக்க ஆயில், பெல்ட் நனைகிறது

கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் முன் சீல், அல்லது டைமிங் கவர் பேக்கிங். புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்திருந்தால் சீல். கவர் ஓரத்தில் கோடாக வழிந்திருந்தால் பேக்கிங். பவர் ஸ்டீயரிங் பம்ப் ஒழுகி முன்பக்கத்தை நனைப்பதும் உண்டு, நிறத்தைப் பாருங்கள்.

முன் சீல் மாற்றப் புல்லியைக் கழற்றினாலே போதும். கழற்றியதும் சீல் உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளக் கோடு விழுந்திருந்தால் புது சீல் போட்டும் ஒழுகும். சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்துப் புது இடத்தில் உரச விடலாம், அல்லது அந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், இல்லையேல் புல்லியை லேத்தில் கொடுக்க வேண்டும். சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகிவிடும்.

பெல்ட் நனைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயில் ஊறிய ரப்பர் துடைத்தாலும் வழுக்கும்.

## அறிகுறி: பெல் ஹவுசிங் அடியில் சொட்டு, கிளட்ச் வழுக்குகிறது

செலவுள்ள இடத்துக்கு வந்துவிட்டோம். கியர்பாக்ஸை இறக்காமல் இன்ஜின் பின் சீலைத் தொட முடியாது. அதனால் இறக்கச் சொல்லும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, ஆயில் மேலிருந்து வருகிறதா? டேப்பெட் கவரின் பின்பக்கமும் பிளாக்கின் பின் பிளக்குகளும் உலர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு, சொட்டுவது எந்த ஆயில்? பெல் ஹவுசிங் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக இன்ஜின் பின் சீல் ஒழுகினாலும் வரும், கியர்பாக்ஸ் முன் சீல் ஒழுகினாலும் வரும். கருப்பா, தேன் நிறமா, கந்தக வாடையா என்று பாருங்கள்.

மூன்று, கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா? இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடட்டும், இன்னொருவர் முன் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் புல்லி முன்னால் வந்து போனால் கிராங்க் முன்பின் ஆடாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் சீல் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்பவும் ஒழுகும்.

மூன்றும் பார்த்து சீல்தான் என்று உறுதியானால் மெக்கானிக்கை வைத்து இறக்குங்கள். இறக்குக் கூலி ஒருமுறை கொடுப்பதால் கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் எல்லாவற்றையும் பார்த்து, தேய்ந்ததை அப்போதே மாற்றிவிடுங்கள். ஆயில் ஊறிய கிளட்ச் தட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுவது நிலைக்காது. பாரத்தோடு மேடு ஏறும்போது மறுபடி வழுக்கும்.

## அறிகுறி: எல்லாப் பக்கமும் கசிகிறது, மாற்றிய சீல் மறுபடி ஒழுகுகிறது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள். பணம் அதிகம் வீணாகிற இடம் இதுதான்.

வாழைத்தார் ஏற்றுகிற ஒரு பிக்கப்பில் பின் சீலை வேறு ஒரு இடத்தில் இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை என்று கொண்டுவந்தார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கே தானாக வெளியே துள்ளி நின்றது. பிரீதர் ஹோஸைக் கழற்றி விரலை விட்டால் கருப்புக் களிம்பு. அந்தச் சல்லடைக்குள் தீக்குச்சி நுழைய இடமில்லை. டீசலில் ஊறவைத்துக் கழுவி, காற்றடித்து, உப்பிப்போன ஹோஸை மாற்றினோம். மூன்றாவது சீல் தேவைப்படவில்லை.

பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றுக்கு வெளியேற வழி பிரீதர் ஒன்றுதான். அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி, இருக்கிற சீலில் எது பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். நல்ல சீலைப் போட்டால் அடுத்த பலவீனமான இடத்தில் ஒழுகும்.

சோதனை இப்படி. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பழைய வண்டிக்கு அது சகஜம். துள்ளிக் கீழே விழுந்தாலோ, வாயிலிருந்து ரயில் போல விட்டு விட்டுப் புகை தள்ளினாலோ உள்ளே பிரஷர் அதிகம். இதைத்தான் நாம் பேக் கம்ப்ரஷன் என்கிறோம்.

பேக் கம்ப்ரஷன் என்ற சொல்லைக் கேட்டதும் இன்ஜினை இறக்கி (சிலிண்டரைக் குடைந்து சீர்செய்யும்) போர் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பிரீதர், அதன் சல்லடை, ஹோஸ். கழுவி, மூடியைத் தலைகீழாக வைக்கும் அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். குவாரி, சூளைத் தூசியில் ஓடி ஃபில்டர் அடைத்திருந்தால் இன்ஜின் பிரீதர் வழியாக ஆயிலையே உறிஞ்சும்.

இரண்டாவது, மறுபடியும் வாக்குவம் பம்ப். பூஸ்டரிலிருந்து இழுக்கும் காற்றை அது ஆயிலோடு சேர்த்து இன்ஜினுக்குள்தான் விடுகிறது. பூஸ்டர் ஹோஸ் எங்காவது வெடித்திருந்தால் இடைவிடாமல் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, பம்ப்பில் இருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பம்ப் வாயை அடைத்துவிட்டு, மூடியைத் தலைகீழாக வைக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள். புகை தள்ளுவது சட்டென்று குறைந்தால் குறை பூஸ்டர் பக்கம். ஹோஸை மாட்டாமல் வண்டியை ஓர் அடி கூட நகர்த்தாதீர்கள், பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, டர்போ. அதன் சீல் தேய்ந்தால் அழுத்தக் காற்று ரிட்டர்ன் குழாய் வழியாக சம்ப்புக்குள் வரும்.

இவை மூன்றும் சரியாக இருந்து, மேட்டில் இழுவையும் குறைந்து, காலையில் ஸ்டார்ட்டும் கஷ்டம் என்றால்தான் பிஸ்டன் ரிங், போர் தேய்மானம். அதையும் வாய்வார்த்தையில் ஒப்புக்கொள்ளாமல் கேஜ் மாட்டி எல்லாச் சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவா, எல்லாமே குறைவா என்பதை வைத்துச் செலவு மாறும்.

## அறிகுறி: வெளியே ஈரமே இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது

ஆயில் உள்ளே எரிகிறது, அல்லது தண்ணீரோடு கலக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப்புகை என்றால் ரிங், அல்லது டர்போ. டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றுங்கள். லேசான பிசுபிசுப்பு சகஜம், ஊற்றினால் ஊற்றுகிற அளவுக்கு ஆயில் தேங்கியிருந்தால் டர்போவை உடனே பார்க்க வேண்டும். அந்த ஆயிலையே டீசலாக இழுத்து இன்ஜின் தன்னால் உச்ச வேகத்துக்கு ஓடத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. ஓடும் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பெரிய கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். கையை ஏர் குழாயில் வைக்காதீர்கள்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் மோர் போல வெளுத்திருந்தாலோ ஆயில் கூலர், இல்லையேல் ஹெட் பேக்கிங். வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகே திறங்கள்.

## அறிகுறி: ஊற்றாமலே ஆயில் அளவு கூடுகிறது

பயப்பட வேண்டிய அறிகுறி இது. ஆயில் வாடை டீசலாக இருந்து, விரலில் தண்ணீராக ஓடினால், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் பம்ப் சீல் வழியாகவோ டீசல் சம்ப்பில் இறங்குகிறது. நீர்த்த ஆயில் சீல் வழியாக எளிதாகக் கசியும், பேரிங்கையும் தின்றுவிடும். ஃபீட் பம்ப் சின்ன வேலை. டீசல் பம்ப் என்றால் பம்ப் சர்வீஸ் செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். எதுவானாலும் சரிசெய்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

## எந்த நிலையில் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும்

ஆயில் லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே. வள்ளியூர் தாண்டி நான்குவழிச் சாலையில் நின்றாலும் சரி, ஆரியங்காவு மேட்டில் பாரத்தோடு நின்றாலும் சரி, "பக்கத்துலதான் பட்டறை" என்று ஓட்டக்கூடாது. பாரத்தை வேறு வண்டிக்கு மாற்றும் வாடகை, கிராங்க் வேலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சைலன்சர் மேல் சொட்டினாலும், பிரேக் பெடல் இறுகினாலும், கிளட்ச் வழுக்கினாலும் அப்படித்தான்.

ஒழுகல் நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கொஞ்சம் ஊற வைக்கும், காய்ந்த சீலில் சில காலம் கசிவு குறையலாம். கிழிந்த சீலையும் உடைந்த பேக்கிங்கையும் பிரஷர் பக்கத்து ஒழுகலையும் அது நிறுத்தாது. நான் ஊற்றச் சொல்வதில்லை.

## பட்டறையில் விடும்போதும், வாங்கும்போதும்

எந்த இடத்திலிருந்து ஒழுகுகிறது என்று போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய சீலையும் பேக்கிங்கையும் கேட்டு வாங்குங்கள். பிரீதரைக் கழுவியாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுக்கிறோம். அதற்காக இன்ஜினைக் கழுவும் சமயத்தை ஒட்டியே ஒழுகலையும் பார்த்துவிடலாம். ஆனால் கழுவிய அன்று எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை வாங்கிய அன்று இரவே அட்டையைப் போடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 ஓடியதும் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். புதுப் பேக்கிங் சூடேறி அமர்ந்த பிறகு சம்ப், டேப்பெட் கவர் போல்ட்டுகள் கொஞ்சம் தளரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு சுற்று தொட்டுவிடுங்கள். இறக்கிய பழைய ஆயிலை வாய்க்கால் ஓரத்தில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுங்கள்.